யாவரும் சௌக்கியமா என்று கேட்ட ஆறு கார்டுகள்

கண்டிக்குப் போகிறவர்கள் புத்தரின் பல்லைக் கும்பிடப் போவார்கள். நான் போனது ஓர் ஈரலைப் பார்க்க. அதுவும் முழு ஈரல் இல்லை. இடப்பக்கத்தில் ஒரு துண்டை நானே அறுத்து எடுத்துவிட்ட ஈரல். அது வெள்ளையம்மா என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் வயிற்றுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருந்தேன். குடல், இரைப்பை, ஈரல் இவற்றில் வரும் புற்றுநோய்தான் என் பைத்தியம். மற்ற சர்ஜன்கள் வயிற்றைத் திறந்து ஈரலில் கட்டியைக் கண்டதும் அப்படியே மூடித் தைத்துவிடுவார்கள். ஈரலில் கத்தி பட்டால் ரத்தம் நிற்காது என்ற பயம். ஈரலுக்குள் நுழையும் ரத்தக் குழாய்களை இரண்டு விரலால் இடுக்கிப் பிடித்துக்கொண்டால் சில நிமிஷங்கள் கிடைக்கும் என்று சீமைப் புத்தகங்களில் படித்திருந்தேன். அந்தச் சில நிமிஷங்களுக்குள் வெட்டித் தைக்கப் பழகிவிட்டால் போதும் என்பது என் கட்சி. அதற்காகச் சனிக்கிழமைதோறும் ஆட்டு ஈரல் வாங்கிவந்து கொல்லையில் உட்கார்ந்து தைத்துப் பழகினேன். பார்க்கிறவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் மனைவியிடம் துக்கம் விசாரித்தார்கள்.

மனிதர்களில் ஆறு பேருக்குச் செய்தேன். இரண்டு பேர் மேஜையிலேயே போனார்கள். மூன்று பேர் அந்த வாரத்திலேயே. ஆறாவதுதான் வெள்ளையம்மா. சொந்த ஊர்த் திருவிழாவுக்காக இலங்கையிலிருந்து புருஷன் சடையனோடு வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். கட்டியை எடுத்தேன். சென்னைக்கு அனுப்பி உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னேன். புற்றுதான் என்று எழுதி வந்தது. அவளோ இருபத்தைந்தாம் நாள் எழுந்து நடந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி கண்டிச் சீமைக்குக் கப்பலேறிவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சடையனுக்கு ஒரு கார்டு போட்டேன். ஆறு கார்டுக்கும் பதில் வந்தது. "இங்கு யாவரும் க்ஷேமம்" என்று ஒவ்வொன்றும் சொல்லிற்று. மூன்று வருஷம். என் நோட்டுப் புத்தகத்தில் ஆறு முறை 'உயிருடன், நலம்' என்று எழுதினேன். சென்னையில் டாக்டர்கள் கூடும் சபையில் வாசிக்க ஒரு கட்டுரையும் தயார் செய்தேன். அந்தக் கட்டுரைக்கு இருந்த ஒரே கால் வெள்ளையம்மாதான்.

அந்தச் சமயத்தில்தான் சிவசாமி வாத்தியார் வார்டுக்கு வந்தார். முசிறிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். வெள்ளையம்மாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே மாதிரிக் கட்டி. ஆபரேஷன் செய்யலாம் என்றேன். பிழைத்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். கண்டியில் ஒரு பெண் மூன்று வருஷமாகச் சுகமாயிருக்கிறாள் என்றேன்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றார்.

கார்டு வருகிறது என்றேன். வாத்தியார் சிரித்தார். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதும் பையன்களுக்கு அவர் மார்க் கொடுப்பதில்லையாம். "போய்ப் பார்த்துட்டு வாங்க. அந்த அம்மா நடமாடுறாங்கன்னா நான் மேஜையில ஏறிப் படுக்கறேன். தந்தி மட்டும் அடிச்சுடாதீங்க. தந்தின்னா என் சம்சாரம் பிரிக்கிறதுக்கு முன்னாடியே அழுதுடுவா. நேர்ல வந்து சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயம். கட்டி வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு கார்டுகளையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கண்டியில் இறங்கிய முதல் நாள் விடிய விடியத் தூறல். ஊர் அழகான ஊர்தான். நடுவில் ஏரி, சுற்றிலும் மலை, சுத்தமான வீதி. எங்கள் ஊர்த் தெப்பக்குளம் நினைவுக்கு வந்து வெட்கமாயிருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் அந்த ஏரியைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் வைத்தார்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்ட அந்தச் சொதியை மற்ற நாளாயிருந்தால் நான்கு தரம் வாங்கிக் குடித்திருப்பேன். அன்று வெந்நீர் மாதிரி இறங்கியது. பயம் வந்தால் எனக்கு முதலில் நாக்குத்தான் சாகும்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அங்கே டாக்டர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் என்னோடு படித்தவர். பல வருஷமாகத் தோட்டப் பகுதிகளைச் சுற்றிவரும் அரசாங்க டாக்டர். அவர் வீட்டு விறாந்தையில் எனக்கு ஒரு கதிரை போட்டு உட்காரவைத்து, கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு கார்டுகளைக் கேட்டார். சீட்டாடுகிறவரைப் போல மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"இதுகளையே ஆதாரம் எண்டு வச்சிருக்கிறியள்?"

ஆமாம் என்றேன்.

"தோட்டத்தில இருந்து போற கார்டு எல்லாம் இப்பிடித்தான் தொடங்கும். ஆள் வந்து என்ன எழுதவேணும் எண்டு சொல்லுறதுக்கு முன்னமே கணக்கப்பிள்ளை இந்த வரியை எழுதிப்போடுவார். வீடு எரிஞ்சாலும் யாவரும் க்ஷேமம்தான்."

எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் தகப்பனாரே தன் தம்பி செத்த சேதியை எழுதும் கடிதத்தை 'இங்கு யாவரும் நலம்' என்றுதான் தொடங்கினார். ஆறு கார்டுகளையும் மறுபடி பார்த்தேன். ஒரே கை, ஒரே மை, ஒரே வரி. மழை பெய்கிறது, கொழுந்து நன்றாக வருகிறது, தங்கள் க்ஷேமத்துக்குப் பதில். வெள்ளையம்மாவின் பெயர் ஒன்றில்கூட இல்லை. மூன்று வருஷமாக எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்த கார்டுகள். அன்றுதான் அது கண்ணில் பட்டது.

கனகசபை தன்னிடம் இருந்த பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தவர்களில் அந்தப் பெயரில் அந்தத் தோட்டத்துப் பெண் யாரும் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. "அதுக்கு ஒண்டும் அர்த்தம் இல்லை. முக்காவாசிப் பேர் தோட்டத்து லயத்து அறையிலதான் சாகிறவை," என்று சேர்த்துச் சொன்னார். வந்த உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை வத்தேகமைக்குப் பஸ் ஏறினேன். பஸ் என்று பெயர்தான். மரப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டியிருந்தார்கள். முட்டைக்கோசு மூட்டைகள், இரண்டு கோழி, ஒரு புத்த பிக்கு, நான். பிக்கு வெகு மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார். கோழிகளுக்கு அந்த மரியாதை இல்லை. பாதி மேட்டில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார், ஆவி சீறிக்கொண்டு வந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ஈரலின் ரத்தக் குழாயைப் பிடிக்க வேண்டிய விரல்களால் பஸ்ஸின் முதுகைப் பிடித்துத் தள்ளும்போது, வாத்தியாரின் கட்டி இந்நேரம் எவ்வளவு பருத்திருக்கும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

பதினொரு மணிக்குச் சேர வேண்டிய பஸ் மாலை நாலரைக்கு வத்தேகமைக் கடைவீதியில் எங்களை உதறிவிட்டது. அதற்குமேல் தோட்டத்துக்கு ஏற முடியாது, மழையில் பாதை சறுக்கும் என்றார்கள். ஒரு சில்லறைக் கடை வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் உள்ளே கூப்பிட்டார். அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம். கடைவீதியே அவரைக் காதர் நானா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அரிசியும் கருவாடும் அனுப்புகிறவர் அவர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சடையனை அவருக்குத் தெரிந்திருந்தது.

"சடையன்ட பொஞ்சாதியா? போன ஞாயித்துக்கெழமயும் சந்தைக்கு வந்தீந்தாங்களே. நல்ல சொகமாத்தான் ஈக்கிறாங்க."

ஒருமுறை இன்னும் சொல்லச் சொன்னேன். சொன்னார். தலையில் கூடையோடு மேட்டில் ஏறிப்போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாகக் குலுக்கினார். அன்று இரவு தன் வீட்டு ஆளைப் போலவே என்னை நடத்தினார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அலுமாரியை நகர்த்திப் பாய் விரித்தார். ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. வற்றல் மிளகாயும் வெங்காயமும் இடித்த அந்தச் சம்பல் கண்ணில் நீர் வரவழைத்தது. நாக்குக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. கனகசபையைப் பற்றி மனசுக்குள் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் மலை ஏறினேன். நானாவின் சாமான் வண்டி பாதித் தூரம் கொண்டுவிட்டது. மீதி நடை. செருப்புக்குள் அட்டைகள் புகுந்து என் ரத்தத்தில் விருந்துண்டன. ரத்தம் நிறுத்துவதில் பேர் வாங்கப் புறப்பட்டவன், ஓர் அட்டை கடித்த இடத்தில் கால் மணி நேரம் ரத்தத்தை நிறுத்த முடியாமல் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய வெள்ளைக்காரத் துரையின் அனுமதி வேண்டும். துரை நல்லவர். என் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் என் தோட்டத்திலா என்று ஆச்சரியப்பட்டுக் கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கணக்கப்பிள்ளை ஒல்லியான மனிதர். காதில் பென்சில். கார்டுகளைக் காட்டினேன்.

"எழுத்து என்னுதுதாங்க," என்றார்.

வெள்ளையம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி அங்கேயே வைத்தார். லயத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதோ அந்த மூன்றாவது லயம், கோடி வீடு என்று கையைக் காட்டிவிட்டு, தன்னை யாரோ கூப்பிட்டது போல நடந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நம்ப ஆசைப்படுகிறவனுக்கு எதுவும் புரியாது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறை. ஓர் அறை ஒரு குடும்பம். கோடி அறையின் வாசலில் நின்று சடையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது. நல்ல உயரம், அகன்ற நெற்றி, மூக்கில் சிவப்புக் கல். அந்த நெற்றியை எனக்குத் தெரியும். இருபத்தைந்து நாள் தினமும் காய்ச்சல் இருக்கிறதா என்று அந்த நெற்றியில்தான் கை வைத்துப் பார்த்தேன்.

"நல்லா இருக்கியா அம்மா?" என்றேன்.

"நல்லா இருக்கேன் சாமி."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், நனைந்த கோட்டும் ரத்தம் வழியும் காலுமாக, முன்பின் தெரியாத மலையில் நின்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன். ஐந்து பேரைக் கொன்றவன் என்று என்னை நானே சொல்லிக்கொண்ட இரவுகளெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோயின. சாப்பாடு செல்கிறதா என்று கேட்டேன். செல்கிறது என்றாள். வலி உண்டா? இல்லை. கண் மஞ்சளாக இருந்ததா? இல்லையே என்றாள், கொஞ்சம் பயந்தவளாக. தழும்பைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

அப்போது சடையன் தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். கும்பிட்டான். தலையை நிமிர்த்தவில்லை.

"சாமி, இவ அவ இல்லைங்க. இவ செல்லாயி. அவளோட தங்கச்சி. அவ போயி ரெண்டு வருசமாச்சுங்க."

செல்லாயி உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன். ஒரு சர்ஜனுக்கு நோயாளியின் வயிறு ஞாபகமிருக்கும், முகம் இருக்காது. அக்கா முகம் தங்கை முகத்தில் கொஞ்சம் இருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்து நான் கேட்டதை எழுத வெட்கப்படுகிறேன். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போது மஞ்சள் கண்டது, வயிறு எந்தப் பக்கம் வீங்கிற்று, எத்தனை மாதம் கழித்து என்றுதான் கேட்டேன். சடையன் பொறுமையாகச் சொன்னான். ஆபரேஷனுக்குப் பிறகு பன்னிரண்டு மாதம் கொழுந்து எடுத்தாள். யாரும் அவளை நோயாளி என்று சொல்ல முடியாது. பிறகு கண் மஞ்சளானது. வயிற்றில் நீர் கட்டியது. பதினாலாவது மாதம் இதே அறையில் போனாள். லயத்துக்குப் பின்னால் முள்முருங்கை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். தாயில்லாத இரண்டு பிள்ளைகளுக்காக ஊரிலிருந்து தங்கையை வரவழைத்துக் கட்டிக்கொண்டான்.

பதினாலு மாதம். அதற்குப் பிறகு நான்கு கார்டு வந்திருக்கிறது. கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஏன் பொய் எழுதினாய் என்று கேட்டேன்.

"பொய் இல்லீங்க சாமி. யாவரும் சௌக்கியமான்னு நீங்க கேட்டிருந்தீங்க. கணக்கப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாரு. இருக்கிறவங்க சௌக்கியந்தானேங்க. இழவுச் சேதிய கார்டுல எழுதறதுங்களா? ஆள் வந்து சொல்லணும். அவ வயித்துல கை வச்சுக் காப்பாத்துனவங்களுக்கு நான் எப்படிங்க அதை எழுதுவேன்?"

நான் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும். ஆறு கார்டிலும் 'யாவரும் சௌக்கியமா' என்றுதான் எழுதினேன். தபால்காரர் முதல் கங்காணி வரை படிக்கும் திறந்த கார்டில் இன்னொருவன் பெண்சாதி பேரைப் போட்டு, அவள் உயிரோடிருக்கிறாளா என்று கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன். மேஜையில் கூச்சமில்லாமல் வயிற்றைக் கிழித்தவனுக்குக் கார்டில் கூச்சம் வந்துவிட்டது. நான் மரியாதையாகக் கேட்டேன், அவன் மரியாதையாகப் பதில் சொன்னான். அந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் வெள்ளையம்மா செத்துக் கிடந்தாள். அதை நான் மூன்று வருஷ ஆராய்ச்சி என்று சபையில் வாசிக்க இருந்தேன்.

செல்லாயி தட்டில் ரொட்டியும் பலாக்கொட்டைக் கறியும் வைத்தாள். வேண்டாம் என்றேன். சடையன் கேட்கவில்லை. "அவளுக்கு இதுன்னா உசுருங்க. ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு வருசமா எதைத் தின்னாலும் வாந்திதான். ஊர்லேருந்து வந்த பொறவு பன்னெண்டு மாசமும் தட்டை வழிச்சுத் தின்னா. பிள்ளைங்களோட சண்டை போட்டுத் தின்னா. எனக்குக்கூட மிச்சம் வைக்கமாட்டா." சொல்லும்போது அவன் சிரித்தான். மனைவி செத்ததைச் சொன்னபோது நடுங்காத அவன் முகம் இதைச் சொல்லும்போது நடுங்கியது.

சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, கொட்டை மாவு மாதிரி வெந்திருந்தது. அந்தப் பயணத்தில் நான் ருசி தெரிந்து சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான். முள்முருங்கை மரத்தடிக்குச் சடையன் கூட்டிப்போனான். மேட்டில் புல் முளைத்திருந்தது. என்னிடம் பூ இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வத்தேகமையில் காதர் நானா கடை வாசலிலேயே காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். தான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று அவருக்குத் துயரம். மூத்தவள் மௌத்தானது தனக்குத் தெரியாது என்று மறுபடி மறுபடி சொன்னார். சடையன் பெண்சாதி என்றுதானே நான் கேட்டேன், அவர் சரியாகத்தான் பதில் சொன்னார் என்றேன். கேள்வி கேட்கத் தெரியாதவன் நான்தான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பால் சேர்க்காத அந்தத் தேநீரைக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். குடித்தேன்.

நான்காம் நாள் மாலை கண்டியில் கனகசபையின் விறாந்தையில் மறுபடி அதே கதிரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை என்றும் மறக்கமாட்டேன்.

"இப்ப அந்த வாத்தியாருக்கு என்ன சொல்லப் போறியள்?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அது பாதிப் பொய். சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'பார்த்தேன், நல்லா இருக்கேன் சாமி என்றாள்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைச் சொன்னால் வாத்தியார் மேஜையில் ஏறிப் படுப்பார். படுக்காவிட்டால் நான்கைந்து மாதத்தில் நிச்சயம் சாவார். அவர் நன்மைக்காகத்தானே, கட்டுரை எக்கேடு கெட்டால் என்ன என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனசு வாதாடியது. ரயிலில் ஒன்று, கப்பலில் ஒன்று, மறுபடி ரயிலில் ஒன்று என்று அந்த வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் கணக்கப்பிள்ளை காதிலிருந்து பென்சிலை எடுத்து மறுபடி வைத்தது கண் முன்னால் வந்தது.

திருச்சியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே வார்டுக்குப் போனேன். வாத்தியார் இளைத்திருந்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி விசிறியை நிறுத்தினாள்.

"இல்லை," என்றேன். "பதினாலு மாசம் இருந்தா. அப்புறம் நோய் திரும்பி வந்து செத்துட்டா. கார்டை நம்பி உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் விசிறியைக் கீழே போட்டாள். வாத்தியார் மட்டும் அசையவில்லை. விடையை மனசுக்குள் சரிபார்க்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பதினாலு மாசத்துல எத்தனை மாசம் சோறு ருசிச்சுது?"

எந்தச் சபையிலும் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. என் நோட்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனால் எனக்கு விடை தெரிந்திருந்தது.

"பன்னெண்டு மாசம். பலாக்கொட்டைக் கறி. பிள்ளைங்களோட சண்டை போட்டுத் தின்னாளாம்."

வாத்தியார் தன் மனைவியைப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கஞ்சித் தண்ணீர்கூட அவருக்குத் தங்கவில்லை. "பன்னெண்டு பெரிய எண்ணுதான்," என்றார். "வியாழக்கிழமை வச்சுக்குவோம்."

வியாழக்கிழமை செய்தேன். விரல் இடுக்கில் ஏழு நிமிஷம். பிழைத்தார். சென்னைச் சபையில் என் கட்டுரையைத் திருத்தி வாசித்தேன். பதினாலு மாதம் என்றதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் இதற்கா இவ்வளவு பாடு என்று காதில் விழும்படியே சொன்னார்.

வாத்தியார் ஊருக்குப் போன பிறகு மாதம் ஒரு கார்டு போட்டேன். 'சிவசாமி உயிரோடிருக்கிறாரா? என்ன சாப்பிடுகிறார்?' எங்கள் தபால் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். வாத்தியாரின் பதில்களில் க்ஷேமமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. 'இருக்கிறேன். கத்தரிக்காய் வதக்கல்.' 'இருக்கிறேன். அடை, இரண்டு.' 'இருக்கிறேன். மாம்பழம், நீங்கள் கூடாது என்றதை.' அந்தக் கார்டுகளுக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்தொன்பதாவது கார்டு வேறு கையெழுத்தில் வந்தது. புதிதாக எழுதப் பழகியவரின் பெரிய பெரிய எழுத்து.

'அவர் இல்லை. புதன்கிழமை காலையில் போய்விட்டார். முந்தின ஞாயிறு வரைக்கும் சோறு ருசித்தது. கடைசியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது மோர்க்குழம்பு. நீங்கள் கேட்பீர்கள், மறைக்காமல் எழுது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.'

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். சோறு ருசித்த மாதங்களுக்கென்று புதிதாகப் போட்டிருந்த கட்டத்தில் பத்தொன்பது மாதம் என்று எழுதி, அதன் பக்கத்தில் மோர்க்குழம்பு என்றும் எழுதினேன். அதற்கு மேலே வெள்ளையம்மாவின் வரி இருந்தது: பன்னிரண்டு மாதம், பலாக்கொட்டைக் கறி.